எட்டாத சுவிட்ச்: ஸ்மார்ட் கருவிகளை வீட்டில் பொருத்துவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கழுத்துப் பகுதியிலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்ட ஒருவரின் உடல், காயத்துக்குக் கீழே சரியாக வியர்ப்பதில்லை. வியர்க்காத உடலால் சூட்டை வெளியேற்ற முடியாது. ஏப்ரல் மாத மதியம் ஒன்றில், வன்னியில் ஒரு வீட்டுத்திட்ட வீட்டின் அறைக்குள் மின்விசிறி நின்றுபோனால், அவருக்கு அது அசௌகரியம் என்ற அளவோடு முடியாது. உடல்வெப்பம் ஏறி ஆபத்தான நிலைக்குப் போகலாம். அந்த மின்விசிறியின் சுவிட்ச் கதவுக்குப் பக்கத்தில், நிற்கக்கூடிய ஒருவரின் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. கட்டில் அறையின் மற்ற மூலையில் இருக்கிறது.

போர் முடிந்த 2009இலிருந்து இந்த இடைவெளியை அம்மாமாரும் மனைவிமாரும் சகோதரிகளும் நடந்து நடந்து நிரப்பி வருகிறார்கள். இரவில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்க எழும்புகிறவர், லைட் போடவும் ஃபேனைக் கூட்டவும் குறைக்கவும் மேலும் நான்கு தடவை எழும்புகிறார். அந்த அம்மாவுக்கு இப்போது வயது எழுபதைத் தாண்டியிருக்கும்.

மாற்றுத்திறனாளிகள் பற்றி எழுதுவதற்காக கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல வீடுகளுக்குப் போய்வந்திருக்கிறேன். அண்மைய ஆண்டுகளில் அந்த வீடுகளில் ஒரு புதிய பொருளைக் காண்கிறேன். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ சகோதரர்கள் அனுப்பிய ஸ்மார்ட் சுவிட்ச், ஸ்மார்ட் பிளக், ஸ்மார்ட் மின்குமிழ். கைத்தொலைபேசியால் லைட்டையும் ஃபேனையும் போட்டு அணைக்கலாம் என்று சொல்லி அனுப்பப்பட்டவை. அவற்றில் கணிசமானவை அலுமாரிக்குள் பெட்டியோடு கிடக்கின்றன. சில பொருத்தப்பட்டு, ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருந்ததால் கழற்றப்பட்டவை. சில இன்னும் சுவரில் இருக்கின்றன. ஆனால் வேலை செய்வதில்லை.

இந்தக் கருவிகள் ஏன் நமது வீடுகளில் முரண்டு பிடிக்கின்றன, அவற்றைப் பாதுகாப்பாக வேலை செய்ய வைப்பது எப்படி என்று விளக்குவதற்கே இந்தக் கட்டுரை. வயரிங் வேலையை நீங்களே செய்வதற்கான வழிகாட்டி அல்ல இது. 230 வோல்ட் மின்சாரம் உள்ள பெட்டியைத் திறக்க வேண்டியவர் தகுதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவர்தான். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும், அவர் செய்யும் எதை அனுமதிக்கக்கூடாது என்பது வீட்டிலிருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், கருவி தேவைதானா?

மாடிப்படிக்கு மேலும் கீழும் இரண்டு சுவிட்சுகள் இருந்து, எதை அழுத்தினாலும் ஒரே லைட் எரிவதைப் பார்த்திருப்பீர்கள். இதை 'டூ வே' சுவிட்ச் என்பார்கள். அதே முறையில் கட்டில் பக்கத்தில், படுத்திருப்பவரின் கை எட்டும் உயரத்தில் இரண்டாவது சுவிட்ச் ஒன்றை வைக்கலாம். சுவரை உடைக்க வேண்டியதில்லை. கேசிங் பட்டி அடித்தால் போதும். வைஃபை வேண்டாம், ஆப் வேண்டாம், கணக்கு வேண்டாம். கையில் ஓரளவு அசைவு உள்ளவருக்கும் சக்கர நாற்காலி பாவிப்பவருக்கும் பெரும்பாலும் இதுவே போதுமானது.

விரல்களை அசைக்க முடியாதவர், கட்டிலிலிருந்து பக்கவாட்டில் திரும்ப முடியாதவர், பார்வையை இழந்தவர், இரு கைகளையும் இழந்தவர் ஆகியோருக்கு அது போதாது. குரலாலோ, ஒரு தொடுகையாலோ, ஒரு ரிமோட்டாலோ இயங்கும் கருவியின் பயன் அங்கேதான் தொடங்குகிறது.

மூன்றாவது வயர்

ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே மூன்று பகுதிகள் இருக்கும். மின்சாரத்தைத் தொடுத்துத் துண்டிக்கும் சிறிய ரிலே ஒன்று. வைஃபையில் பேசும் சிப் ஒன்று. பல மலிவான கருவிகளில் இது ஷங்காயிலுள்ள எஸ்பிரசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 ஆக இருந்தது. அந்தச் சிப்புக்குத் தேவையான சிறிய மின்னழுத்தத்தைத் தரும் மின்வழங்கி ஒன்று.

சாதாரண சுவிட்சுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இந்த மூன்றாவது பகுதியில் இருக்கிறது. சாதாரண சுவிட்ச் அணைந்திருக்கும்போது அதற்கு எதுவும் தேவையில்லை. ஸ்மார்ட் சுவிட்ச், லைட் அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து கட்டளைக்காகக் காத்திருக்க வேண்டும். அதற்கு இருபத்துநான்கு மணித்தியாலமும் மின்சாரம் வேண்டும்.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட நமது தலைமுறைக்கு இதை விளக்குவது இலகு. சைக்கிள் லைட்டுக்கு டைனமோவிலிருந்து ஒரே ஒரு வயர்தான் போகும். ஆனால் மின்சாரம் திரும்பி வருவதற்குச் சைக்கிளின் இரும்புச் சட்டம் இரண்டாவது பாதையாக இருந்தது. போவதற்கு ஒரு வழி, திரும்புவதற்கு ஒரு வழி. இரண்டும் இல்லாமல் எதுவும் எரியாது. வீட்டு மின்சாரத்தில் போகும் வழி லைவ்; பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் உயிர்க்கம்பி என்று படித்தோம். திரும்பும் வழி நியூட்ரல், அதாவது நொதுமல் கம்பி. மூன்றாவது ஏர்த், அதாவது புவிக்கம்பி. அது கோளாறு நேரும்போது மட்டுமே மின்சாரத்தைக் கடத்த வேண்டிய பாதுகாப்புப் பாதை.

நமது வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் வழமையாக வருவது லைவ் வயரும், அங்கிருந்து மின்குமிழுக்குப் போகும் வயரும்தான். நியூட்ரல் சுவிட்சுக்கு வராமல் நேரே மின்குமிழுக்குப் போய்விடும். ஆகவே சுவிட்ச் பெட்டிக்குள் ஸ்மார்ட் சுவிட்சை வைக்கும்போது அதற்குத் திரும்பும் வழி இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்த கருவி 'பழுது' என்று சொல்லப்படுவதன் மிகப் பொதுவான காரணம் இதுவே. கருவி பழுதில்லை. பெட்டிக்குள் நியூட்ரல் இல்லை.

இதற்கு நேர்மையான தீர்வுகள் நான்கு உண்டு. சுவிட்சும் பிளக் பொயின்டும் ஒரே பெட்டியில் இருந்தால் அங்கே நியூட்ரல் ஏற்கனவே இருக்கும். ஆனால் அது அதே சுற்றைச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, சிறிய ஸ்மார்ட் மொடியூலை சுவிட்ச் பெட்டிக்குள் வைக்காமல், லைவும் நியூட்ரலும் சந்திக்கும் மேலேயுள்ள ஜங்சன் பெட்டியில் வைப்பது. மூன்றாவது, டிபி பெட்டியிலிருந்து புதிதாக ஒரு நியூட்ரல் வயர் இழுப்பது. நான்காவது, 'நியூட்ரல் தேவையில்லை' என்று குறிப்பிடப்பட்ட கருவியை வாங்குவது.

நான்காவது வகை எப்படி வேலை செய்கிறது? லைட் அணைந்திருக்கும்போதும் மிகச் சிறிய மின்னோட்டத்தை மின்குமிழுக்கூடாகவே கசியவிட்டு அதில் உயிர்வாழ்கிறது. பழைய இழைக் குமிழ்களுக்கு இது தெரியாது. எல்ஈடி குமிழுக்கு அந்தச் சிறிய கசிவே மங்கலாக எரியவோ விட்டுவிட்டு மின்னவோ போதும். அதனால்தான் இவ்வகைக் கருவிகளோடு ஒரு சிறிய கொள்ளளவி, கபாசிட்டர் ஒன்று தருவார்கள். அதை மின்குமிழ் இருக்கும் இடத்தில், லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்காக இணைக்க வேண்டும். சுவிட்ச் பக்கத்தில் இணைத்தால் பயனில்லை. பெட்டிக்குள் கிடந்த அந்தச் சிறிய துண்டை மேலதிகப் பொருள் என்று நினைத்து எறிந்துவிட வேண்டாம்.

ஏர்த் ஒருபோதும் நியூட்ரல் ஆகாது

இந்தக் கட்டுரையில் ஒரேயொரு விடயத்தை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லை. ஆனால் பச்சை நிற ஏர்த் வயர் ஒன்று இருக்கிறது. அவசரமாக வேலை முடிக்க நினைக்கும் ஒருவர் ஸ்மார்ட் சுவிட்சின் நியூட்ரல் முனையை அந்தப் பச்சை வயரில் இணைத்துவிடுவார். கருவி உடனே உயிர்பெறும். ஆப்பில் பச்சை விளக்கு எரியும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோசம்.

இது ஏன் வேலை செய்கிறது? நியூட்ரல் கம்பியும் ஏர்த் கம்பியும் கிட்டத்தட்ட ஒரே மின்னழுத்தத்தில் இருப்பவை. டெஸ்டரை வைத்தால் இரண்டிலும் எரியாது. மல்டிமீட்டரை வைத்தால் லைவுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் ஏறக்குறைய 230 வோல்ட் காட்டும். லைவுக்கும் ஏர்த்துக்கும் இடையிலும் அதுவே காட்டும். இதனால் டெஸ்டரை மட்டும் நம்பும் ஒருவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. மின்சாரத்தை முழுமையாக நிறுத்திவிட்டு, அந்த வயர் டிபி பெட்டியில் எந்தச் சட்டத்தில் போய் முடிகிறது என்று தொடர்ச்சிச் சோதனை செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும்.

இதன் ஆபத்து இரண்டு வகையானது. முதலாவது, ஏர்த் வயர் எங்கேயாவது அறுந்திருந்தாலோ ஏர்த் கோல் துருப்பிடித்திருந்தாலோ, திரும்ப வழியில்லாத மின்சாரம் அந்த ஏர்த் வயரோடு இணைந்துள்ள குளிர்சாதனப்பெட்டி, மோட்டார், மின்னழுத்தி என எல்லா உலோக உடல்களையும் மின்னேற்றலாம். காலில் உணர்வில்லாத ஒருவர் தன் கால் மின்சாரமுள்ள உலோகத்தில் படுவதை உணரமாட்டார்.

இரண்டாவது, ட்ரிப் சுவிட்ச். டிபி பெட்டியில் 30 மில்லி அம்பியர் என்று எழுதப்பட்ட, சோதனைப் பொத்தானுடன் கூடிய பெரிய சுவிட்ச் அது. லைவில் போகும் மின்னோட்டமும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால், ஒரு பகுதி வேறு வழியால், ஒருவேளை ஒரு மனித உடலுக்கூடாக, போகிறது என்று அர்த்தம். அப்போது அது விழும். ஏர்த்தில் இணைக்கப்பட்ட ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்று சில மில்லி அம்பியரைத்தான் ஏர்த்தில் விடும். அதனால் முதலாவது கருவியைப் பொருத்தும்போது எதுவும் நடக்காது. மூன்றாவது, நான்காவது கருவியைப் பொருத்தும்போது ட்ரிப் விழத் தொடங்கும். வீட்டுக்காரர் நான்காவது கருவியைப் பழுது என்பார். உண்மையில் நான்கும் பிழையாக இணைக்கப்பட்டிருக்கும்.

அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சையே கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கப்பட்ட வீடுகளும் உண்டு. யாராவது அப்படிச் செய்ய முன்வந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தியும் விழாவிட்டால், ஸ்மார்ட் கருவி வாங்குவதற்கு வைத்திருக்கும் காசில் முதலில் அதை மாற்றுங்கள்.

வயர் நிறங்களையும் கண்மூடி நம்ப முடியாது. பழைய வயரிங்கில் லைவ் சிவப்பு, நியூட்ரல் கறுப்பு, ஏர்த் பச்சை. புதிய முறையில் லைவ் மண்ணிறம், நியூட்ரல் நீலம், ஏர்த் பச்சை மஞ்சள். மீள்குடியேற்றத்துக்குப் பின் காசு கிடைக்கக் கிடைக்கப் பகுதி பகுதியாக வயரிங் செய்யப்பட்ட வீடுகளில் இரண்டு முறைகளும் கலந்திருக்கும்; கையில் கிடைத்த நிறத்தில் இழுத்த வயரும் இருக்கும். அளந்து பார்த்த பின்னரே எதையும் தொட வேண்டும்.

எல்லாக் கருவிக்கும் ஒரே இணைப்பு அல்ல

சுவரிலுள்ள பழைய சுவிட்சை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் மறைவாகப் பொருத்தும் சிறிய மொடியூல்கள் நமது தேவைக்கு மிகவும் ஏற்றவை. வீட்டிலிருப்பவர்கள் வழமைபோலச் சுவிட்சைப் போடலாம்; படுக்கையிலிருப்பவர் தொலைபேசியால் போடலாம். ஆனால் அவற்றின் இணைப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சொனொஃப் மினியில் சுவர்ச் சுவிட்சை இணைக்கும் எஸ்1, எஸ்2 முனைகளுக்கு 230 வோல்ட் போகவே கூடாது. போனால் கருவி கருகிவிடும். ஷெல்லி 1 கருவியை வீட்டு மின்சாரத்தில் பாவிக்கும்போது, அதற்கு மாறாக, சுவர்ச் சுவிட்சுக்கூடாக லைவ் மின்சாரம்தான் அதன் எஸ்டபிள்யூ முனைக்கு வர வேண்டும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரேமாதிரி சிறிய பெட்டிகள். ஒன்றைப் பொருத்திப் பழகியவர் மற்றதையும் அப்படியே பொருத்தினால் பிழைத்துவிடும். ஆகவே பெட்டிக்குள் வரும் வரைபடத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

எந்தப் பொருளை இணைக்கலாம் என்பதிலும் கவனம் வேண்டும். கருவியில் '10 அம்பியர்' என்று எழுதியிருப்பது பொதுவாக மின்னழுத்தி, கேத்தில் போன்ற, வெப்பம் மட்டும் தரும் சுமைகளுக்கான கணக்கு. கிணற்று மோட்டார் தொடங்கும் கணத்தில் தன் வழமையான மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கை இழுக்கும். அந்த இழுவையில் ரிலேயின் தொடுகைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போகலாம். பிறகு ஆப்பில் 'நிறுத்து' என்றாலும் மோட்டார் நிற்காது. மோட்டாரை இணைப்பதென்றால் இடையில் கொன்டாக்டர் ஒன்றைப் போட்டு, ஸ்மார்ட் கருவி அந்தக் கொன்டாக்டரை மட்டும் இயக்கும்படி செய்ய வேண்டும். கிணறு வற்றியிருக்கும்போது, பார்க்க யாரும் இல்லாமல் மோட்டாரைப் போடுவது எப்படியும் நல்லதல்ல.

லைட் சுற்றில் ஓடும் வயர் பெரும்பாலும் 1/1.13 எனப்படும் மெல்லிய வயர். பிளக் பொயின்டுக்கு 7/0.67 என்ற தடித்த வயர் ஓடும். 2,000 வாட் கேத்தில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். லைட் சுற்றில் பொருத்திய மொடியூலிலிருந்து கேத்திலுக்கு மின்சாரம் எடுத்தால் வயர் சூடாகும்.

சீலிங் ஃபேனுக்கு லைட் டிமர் வகைக் கருவியைப் பூட்டக்கூடாது. மோட்டார் முனகும், சூடாகும். பழைய ரெகுலேட்டரை ஒரு வேகத்தில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் மொடியூலைப் போட்டால் ஃபேனைப் போடவும் நிறுத்தவும் முடியும். வேகத்தையும் மாற்ற வேண்டுமென்றால் ஃபேனுக்கென்றே தயாரிக்கப்பட்ட கருவியை வாங்க வேண்டும்.

மின்சாரம் போய்வந்த பிறகு

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் என்று சொல்லப்பட்டு நாடு முழுவதும் இருளில் மூழ்கியதும் மறந்திருக்காது. இந்த நாட்டில் ஒரு ஸ்மார்ட் கருவியை வாங்கும்போது கேட்க வேண்டிய முதற் கேள்வி, மின்சாரம் திரும்பி வரும்போது அது என்ன செய்யும் என்பதே.

பெரும்பாலான ஆப்களில் இதற்கான தெரிவு ஒன்று உண்டு. மின்சாரம் வந்ததும் 'அணைந்தே இருக்கட்டும்', 'எரியட்டும்', 'முன்பிருந்த நிலைக்குப் போகட்டும்' என்ற மூன்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். மின்னழுத்தி, கேத்தில், மோட்டார் என்பவற்றுக்கு எப்போதும் முதலாவது. இல்லாவிட்டால் நள்ளிரவில் மின்சாரம் வரும்போது மின்னழுத்தி தானாகச் சூடாகத் தொடங்கும். படுக்கையிலிருப்பவரின் ஃபேனுக்கு மூன்றாவது. இந்த ஒரு தெரிவைச் சரியாகச் செய்துவிட்டால், மின்வெட்டுக்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிட வேண்டியிருக்காது.

ரவுட்டருக்கு ஒரு சிறிய மின்கல யூபிஎஸ் வைப்பதும் பயன் தரும். ரவுட்டரின் அடியிலுள்ள லேபலில் எத்தனை வோல்ட், எத்தனை அம்பியர் என்று பார்த்து அதற்குப் பொருத்தமானதை வாங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக் காலத்தில் ரவுட்டரையும் ஸ்மார்ட் பிளக்குகளையும் சுவரிலிருந்து கழற்றிவைப்பது பழைய வழி. இன்றும் அதுவே நம்பகமானது.

வேலை செய்யாதபோது எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கருவி நின்றுபோனால் எல்லோரும் முதலில் செய்வது அதை அழித்துவிட்டு ஆப்பில் மீண்டும் சேர்க்க முயல்வது. அது கடைசியில் செய்ய வேண்டியது. கீழுள்ள ஒழுங்கில் போனால் பல தடவைகள் பாதியிலேயே காரணம் பிடிபடும்.

முதலில் சுவர்ச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். அதிலும் லைட் எரியாவிட்டால் குமிழையோ வயரிங்கையோ பார்க்க வேண்டும். லைட் எரிந்தால் மின்சாரப் பக்கம் நலம்; பிரச்சினை வைஃபையில்.

கருவியில் சின்னஞ்சிறு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எதுவுமே எரியாவிட்டால் அதற்கு மின்சாரம் வரவில்லை. நியூட்ரல் இணைப்பு கழன்றிருக்கலாம். வேகமாக மின்னினால், பெரும்பாலான கருவிகளில், அது புதிதாக இணைக்கப்படக் காத்திருக்கிறது என்று அர்த்தம்.

'டிக்' என்று சத்தம் கேட்கிறது, லைட் எரியவில்லை என்றால் ரிலே வேலை செய்கிறது. அதிலிருந்து மின்குமிழுக்குப் போகும் இணைப்பையோ குமிழையோ பார்க்க வேண்டும்.

அணைத்த பிறகும் எல்ஈடி மங்கலாக எரிந்தால் முன்பு சொன்ன கபாசிட்டர் இல்லாமல் இருக்கலாம். அல்லது சுவிட்ச், லைவுக்குப் பதிலாக நியூட்ரலைத் துண்டிக்கிறது. இரண்டாவது காரணம் ஆபத்தானது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். குமிழ் மாற்றுகிறவருக்கு அடிக்கும். உடனே திருத்த வேண்டும்.

வைஃபையில் இணையவே மறுத்தால், இக்கருவிகளில் அநேகமானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசுபவை என்பதை நினைவில் வையுங்கள். புதிய ரவுட்டர்கள் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, இணைக்கும் நேரத்தில் தொலைபேசியையும் 2.4 பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி தொடர்பு அறுந்தால் ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தகரமும் இரும்பு அலுமாரியும் வைஃபையைத் தடுக்கும். இரண்டு தகர மறைப்புகளுக்கு அப்பாலுள்ள அறையில் நல்ல கருவியும் தடுமாறும்.

ரவுட்டரை மாற்றினால், புதிய ரவுட்டருக்கும் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையுமே எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். எல்லாக் கருவிகளும் தாமாகவே திரும்பி வந்துவிடும். வீட்டில் பத்துக் கருவிகள் இருந்தால் இந்த ஒரு விடயம் ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

பின்னேரம் ஆறு மணிக்கு எரிய வேண்டிய வாசல் லைட் அதிகாலை மூன்றரைக்கு எரிகிறதா? அட்டவணை ரொறன்ரோ நேரத்தில் ஓடுகிறது. ஆப்பில் வீட்டின் இடத்தையும் நேர வலயத்தையும் கொழும்புக்கு மாற்றுங்கள்.

சாவி யாரிடம் இருக்கிறது?

மேலே சொன்ன கடைசிப் பிரச்சினை சிரிப்பாகத் தெரியலாம். அதற்குப் பின்னால் பெரிய விடயம் ஒன்று இருக்கிறது. அனுப்பியவர் அங்கேயே கணக்குத் திறந்து, எல்லாவற்றையும் ஆயத்தம் செய்து அனுப்பியிருப்பார். அன்பினால் செய்தது. ஆனால் அந்த வீட்டின் உரிமையாளர் கணக்கு அவருடைய தொலைபேசியில் இருக்கிறது. அவர் தொலைபேசியை மாற்றினாலோ கடவுச்சொல்லை மறந்தாலோ, இங்கே படுக்கையிலிருப்பவர் தன் ஃபேனைப் போட முடியாது. நான் சந்தித்த ஒருவர் சொன்னார்: "தம்பி, அண்ணை அங்க நித்திரையால எழும்பினாத்தான் எனக்கு இங்க லைட்."

கணக்கை இங்கேயுள்ளவரின் தொலைபேசி இலக்கத்திலோ மின்னஞ்சலிலோ திறந்து, வெளிநாட்டிலிருப்பவரை உறுப்பினராகச் சேர்ப்பதே சரியான முறை. கடவுச்சொல் ஒரு கொப்பியில் எழுதி வைக்கப்பட வேண்டும்.

நிறுவனத்தின் சேவரும் நிரந்தரமல்ல. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் இன்ஸ்டியோன் நிறுவனம் முன்னறிவித்தல் எதுவும் இல்லாமல் தன் சேவர்களை நிறுத்தியபோது, அதன் வாடிக்கையாளர்களின் ஆப்கள் ஒரே நாளில் செயலிழந்தன. பின்னர் அதன் வாடிக்கையாளர்கள் சிலர் சேர்ந்து நிறுவனத்தை வாங்கி மீட்டார்கள். ஆகவே வாங்கும்போது, இணையம் இல்லாவிட்டாலும் வீட்டு வைஃபைக்குள்ளேயே இயங்குமா என்று கேளுங்கள். கணினி ஆர்வமுள்ள இளைஞர்கள் ஹோம் அசிஸ்டன்ட், டாஸ்மோட்டா போன்ற இலவச மென்பொருள்களால் கருவிகளை நிறுவன சேவரிலிருந்து விடுவிக்க முடியும். ஆனால் அதற்காகக் கருவியைத் திறந்து கணினியோடு இணைக்கும்போது அது வீட்டு மின்சாரத்தில் இருக்கவே கூடாது. உள்ளேயுள்ள பலகை முழுவதும் 230 வோல்ட்டோடு தொடர்புபட்டது. கணினியும் போகும், ஆளும் போகலாம்.

கமராவும் ஒலிவாங்கியும் உள்ள கருவிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து போகிறவர்களின் பெயர்களை யார் யாரோ கேட்டு எழுதிக்கொண்டு போன காலத்தை மறக்காத சமூகம் நாங்கள். படுக்கையறையில் இணையத்தோடு இணைந்த கமரா வைப்பதை, அதில் படுத்திருப்பவரின் சம்மதமில்லாமல் யாரும் தீர்மானிக்கக்கூடாது. அவர் நோயாளி என்பதால் அவருடைய அந்தரங்கம் குறைந்துவிடுவதில்லை. லைட்டையும் ஃபேனையும் இயக்குவதற்குக் கமரா தேவையே இல்லை.

இணையமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. 433 மெகாஹேர்ட்ஸ் ரிமோட்டில் இயங்கும் ரிலே கருவிகள் கார் ரிமோட் போலச் சிறிய பொத்தான்களோடு வருகின்றன. வைஃபையும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். கட்டில் சட்டத்தில் பட்டியால் கட்டிவிட்டால், விரல் அசையாதவர் கைமுட்டியாலோ நாடியாலோ அழுத்தலாம். தொலைபேசித் திரையைத் தொட்டுத் திறந்து ஆப்பைத் தேடுவதைவிட இது பலருக்கு எளிது.

மின்னிணைப்பாளர் போவதற்கு முன்

வேலை முடிந்ததும் காசு கொடுப்பதற்கு முன் நான்கு சோதனைகளை அவர் முன்னிலையில் செய்யுங்கள். ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள்; விழ வேண்டும். ரவுட்டரை நிறுத்துங்கள், சுவர்ச் சுவிட்சுகள் எல்லாம் முன்புபோலவே லைட்டைப் போட வேண்டும். மெயின் சுவிட்சை நிறுத்தி மீண்டும் போடுங்கள். ஃபேன் மட்டும் பழைய நிலைக்கு வர வேண்டும், மின்னழுத்தி வரக்கூடாது. கடைசியாக, "நியூட்ரலை எங்கிருந்து எடுத்தீர்கள், காட்டுங்கள்" என்று கேளுங்கள். பச்சை வயரைக் காட்டினால் கழற்றச் சொல்லுங்கள்.

நமது மாவட்டங்களின் தொழிற்பயிற்சி நிலையங்களில் வயரிங் பயின்று என்.வி.கியூ சான்றிதழோடு வெளிவரும் இளைஞர்கள் இருக்கிறார்கள். முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டவர்களுக்காக மாங்குளத்தில் இயங்கும் உயிரிழை போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. இந்த இரு தரப்பும் ஒரு மேசையில் உட்கார்ந்தால், எந்த வீட்டுக்கு டூ வே சுவிட்ச் போதும், எந்த வீட்டுக்கு ரிமோட் வேண்டும், எங்கே முதலில் ஏர்த் திருத்தப்பட வேண்டும் என்று ஒரு பட்டியல் போட முடியும். வெளிநாட்டிலிருந்து அடுத்த பெட்டியை அனுப்ப நினைப்பவர்கள், அதை வாங்குவதற்கு முன் இங்கே ஒரு மின்னிணைப்பாளரின் ஒருநாள் கூலியை அனுப்பி, சுவிட்ச் பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் கருவியை வாங்க வேண்டும் என்பதை அந்தப் பெட்டிக்குள் இருக்கும் வயர்கள் சொல்லும்.